கடற்கரையில் எடுத்த வீடியோ ஏன் இப்படி வந்தது? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி வரைக்கும், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரைக்கும் கல்யாணம், கந்தூரி, தேர், புதுப்படகு இறக்குதல் என்று கேமராவோடு அலைகிறவன் நான். வேலை தெரிந்த நாளிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "அண்ணே, இதை எடிட்டிங்கில் சரிசெய்துவிடலாமா?" என்பதுதான். பெரும்பாலும் முடியாது. இந்தக் கரையில் எடுக்கும் படங்களில் மென்பொருள் கெடுத்தது குறைவு. உப்பும் காற்றும் வெயிலும் கெடுத்ததே அதிகம். குறை கணினித் திரையில் தெரிவதால் பழி எடிட்டிங்கின் தலையில் விழுகிறது.

கீழே அறிகுறிகளை வைத்துப் பிரித்திருக்கிறேன். உங்கள் குறையைத் தேடி அங்கே மட்டும் படித்தால் போதும். ஆனால் எதற்கும் முன்னால் ஒரு சோதனை. கேமராவிலிருந்து வந்த மூலக்கோப்பை, எடிட்டிங் மென்பொருளுக்குள் கொண்டுபோகாமல், வேறொரு கணினியிலோ தொலைபேசியிலோ ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் குறை இருந்தால் படப்பிடிப்பில் நேர்ந்தது. இல்லையென்றால் எடிட்டிங்கிலோ ஏற்றுமதியிலோ நேர்ந்தது. இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் இரண்டு இரவைத் தொலைத்தவன் நான்.

படம் முழுக்கப் பால் தெளித்ததுபோல் மங்கல்

இதற்குக் காரணம் இரண்டில் ஒன்று: நீராவி அல்லது உப்பு. பிரித்தறிவது எளிது. முதல் பத்துப் பதினைந்து நிமிடக் காட்சிகள் மங்கலாகவும், பிறகு தானாகத் தெளிந்தும் இருந்தால் நீராவி. நாள் ஏற ஏற மங்கல் கூடிக்கொண்டே போனால் உப்பு. இரவுக் காட்சியில் விளக்கைச் சுற்றி இழுத்துவிட்ட மாதிரி ஒளிக்கீற்று தெரிந்தாலும் உப்புதான்.

ராமேசுவரத்தில் குளிரூட்டிய அறையில் தூங்கிவிட்டு, விடிகாலை ஐந்து மணிக்குத் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்கு ஓடுகிறவர்கள் யாரும் நீராவிக்குத் தப்ப முடியாது. லென்ஸ் அறையின் குளிரில் இருக்கிறது. வெளியே காற்று ஈரத்தைச் சுமந்து நிற்கிறது. குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் அந்த ஈரம் நீராகிவிடுகிறது. துணியால் துடைத்தால் மறுபடி படியும். உள்ளே படிந்ததைத் துடைக்கவும் முடியாது. முந்தின இரவே கேமராப் பையைக் குளிரூட்டாத தாழ்வாரத்தில் வையுங்கள். அது முடியாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மூடி வெளியே கொண்டுவந்து, அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். ஈரம் உறையின் மேல் படியும், லென்ஸ் தப்பிக்கும். மங்கலாக இருக்கிறதே என்று அவசரப்பட்டு லென்ஸைக் கழற்றாதீர்கள். ஈரக் காற்று, படத்தைப் பதியும் சென்சார் வரைக்கும் போய்விடும்.

உப்பு விஷயத்தில் அவசரமே எதிரி. அலைத்திவலை காய்ந்தால் கண்ணாடி மேல் உப்புத் துகள் நிற்கும். உலர்ந்த துணியால் தேய்ப்பது பூச்சை மணல்தாளால் தேய்ப்பதற்குச் சமம். முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள். அடுத்து, காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். உப்பு கரைந்து துணியோடு வரும். அதன் பிறகுதான் லென்ஸ் துடைக்கும் திரவம். லென்ஸ் முன்னால் சாதாரண யூவி ஃபில்டர் ஒன்றை மாட்டிவைப்பது படத்துக்காக அல்ல, உப்பு அதன் மேல் விழட்டும் என்பதற்காக.

வானம் வெளுத்துவிட்டது, முகம் கறுத்துவிட்டது, அலை தந்தியடிக்கிறது

மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்கள். வெளிச்சம் கேமராவின் கொள்ளளவைத் தாண்டுகிறது. கேமரா தானாக ஷட்டர் வேகத்தை, அதாவது ஒரு ஃப்ரேமுக்கு (வீடியோவின் ஒற்றைப் படம்) ஒளியை உள்ளே விடும் நேரத்தை, 1/2000 விநாடி என்று ஏற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு ஃப்ரேமும் கத்தியால் அறுத்ததுபோல் கூர்மையாக உறைவதால் அலையின் ஓட்டம் அறுந்து அறுந்து தெரிகிறது.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 25 ஃப்ரேம் எடுத்தால் ஷட்டர் 1/50 இருப்பது இயல்பான அசைவைத் தரும். பழைய ஃபிலிம் காலத்து விதிப்படி, உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/100 என்றால் அப்பர்ச்சர் (லென்ஸ் துளை, எண் கூடினால் துளை சுருங்கும்) 16. ஷட்டரை 1/50 ஆக்கினால் அப்பர்ச்சர் 22 ஆகும். நீங்கள் அப்பர்ச்சர் 4இல் எடுக்க விரும்பினால் ஐந்து ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). அதற்கு, வெளிச்சத்தை 32இல் ஒரு பங்காக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி32 ஃபில்டர். ஆனால் தனுஷ்கோடியின் வெள்ளை மணலும் இருபுறத் தண்ணீரும் இன்னொரு ஸ்டாப்பைத் திருப்பி வீசும். எனவே என்டி64. சில கேமராக்களில் லாக் முறைக்கு (பின்னால் நிறம் திருத்த வசதியாக வெளுப்பாகப் பதியும் முறை) ஐஎஸ்ஓ 800க்குக் கீழே இறங்கவே முடியாது. அங்கே மேலும் மூன்று ஸ்டாப், அதாவது என்டி512 வேண்டியிருக்கும். "லாக்கில் எடுத்தேன், ஆனாலும் வானம் போய்விட்டது" என்று புலம்புகிறவர்களின் பைக்குள் பெரும்பாலும் என்டி8 ஒன்றுதான் கிடக்கும்.

முகக் கறுப்புக்கு இந்த ஊரிலேயே மருந்து இருக்கிறது. நான்கு முழ வெள்ளை வேட்டி. பேசுகிறவர் முதுகுக்குப் பின்னால் சூரியன், எதிரே இரண்டு பேர் வேட்டியை விரித்துப் பிடித்து ஒளியை முகத்துக்குத் திருப்பினால் போதும். விலை கொடுத்து வாங்கிய வெள்ளிநிறத் தகடு கண்ணைக் கூசவைக்கும். வேட்டியின் ஒளி மென்மையாக விழும். காவிக் கறை படியாத வேட்டியாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

கடல் சாம்பல் நிறமாக வந்திருக்கிறது. நேரில் பச்சையும் நீலமுமாக இருந்தது

அதிகாலையும் அந்தியும்தான் நல்ல வெளிச்சம் என்ற உபதேசத்தை எல்லோரும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறோம். முகத்துக்கும் மணல் மேட்டுக்கும் அது சரி. தண்ணீரின் நிறத்துக்குப் பொருந்தாது. சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஒளி மேற்பரப்பில் பட்டுத் தெறித்துவிடும். நாம் பார்ப்பது வானத்தின் பிம்பத்தைத்தான். சூரியன் உச்சிக்கு ஏறும்போதுதான் ஒளி உள்ளே இறங்கி, அடி மணலைத் தொட்டுத் திரும்பி வருகிறது. பாம்பன் சாலைப் பாலத்தின் மேலிருந்து தெரியும் அந்தப் பச்சை, காலை பத்து மணிக்கு மேல் மதியம் இரண்டு வரைக்கும்தான். மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரம் அது. போகட்டும்.

போலரைசர் ஃபில்டர் மாட்டி, சூரியனுக்குப் பக்கவாட்டில் நின்று, மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். மேற்பரப்பின் பளபளப்பு ஒரு கோணத்தில் சட்டென்று விலகி உள்ளே பாசி தெரியும். ஒன்றரை இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை அது தின்னும், கணக்கில் வையுங்கள். அகல லென்ஸில் மாட்டினால் வானத்தின் ஒரு பாதி கருநீலமாகவும் மறுபாதி வெளுப்பாகவும் வரும். அதை எடிட்டிங்கில் நேராக்குவது பெரும்பாடு.

வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அலை அடங்கிக் கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் சீறும். பெண்கடல், ஆண்கடல் என்று ஊரில் பெயர் வைத்தது சும்மா இல்லை. நிதானமான காட்சிக்கு ஒரு கரை, ஆவேசத்துக்கு மறு கரை என்று ஒரே நாளில் இரண்டையும் எடுக்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே காட்சியின் தொடர்ச்சியாக ஒட்டிவிடாதீர்கள். வெளியூர்க்காரர் ஏமாறுவார், உள்ளூர்க்காரர் சிரிப்பார்.

மிளகாய்க் களம் பிளாஸ்டிக் போல வந்திருக்கிறது

கரையிலிருந்து உள்ளே போனால் முண்டு மிளகாய் காயும் களங்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, அதைப் படம் எடுத்துத் தரச் சொல்லி விளம்பர வேலைகள் வர ஆரம்பித்தன. முதல் வேலையிலேயே தோற்றேன். ஹிஸ்டோகிராம் (வெளிச்சத்தின் பரவலைக் காட்டும் வரைபடம்) பத்திரமாக இருந்தது, எதுவும் வெளுக்கவில்லை. ஆனால் மிளகாயின் தோல் சுருக்கம், காம்பு, நிழல் எல்லாம் கரைந்து ஒரே சிவப்புப் பூச்சாகிவிட்டது.

சாதாரண ஹிஸ்டோகிராம் மூன்று நிறங்களையும் கலந்து சராசரியாகக் காட்டுகிறது. சிவப்பு மட்டும் தன் எல்லையை முட்டி நின்றாலும், பச்சையும் நீலமும் கீழே கிடப்பதால் சராசரி நல்லபிள்ளையாக நிற்கும். எனவே நிறங்களைத் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை கேமராவில் திறந்துவையுங்கள். சிவப்பு வலது ஓரத்தைத் தொட்டால் ஒரு ஸ்டாப் இறக்குங்கள். நிறத்தை எடுப்பாகக் காட்டும் படமுறையை அணைத்துவிடுங்கள். எடுத்து முடித்த பிறகு தெரிந்தால், வெளிச்சத்தைக் குறைக்காமல் சிவப்பின் செறிவை மட்டும் குறைத்துப் பாருங்கள், கொஞ்சம் மீளும். முழுதாக மீளாது. கல்யாணப் பட்டுக்கும், இரவுத் தேரின் சிவப்பு விளக்குக்கும் இதே வைத்தியம்.

மீன் ஏலக் கூடத்தில் எல்லோர் முகமும் நீலம்

மேலே பாருங்கள், நீலத் தார்ப்பாய். வெயில் அதன் வழியாக வடிந்து இறங்குகிறது. ஒயிட் பேலன்ஸை (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பு) தானியங்கியில் விட்டால் அடுத்த ஃப்ரேமில் மீன் மஞ்சளாகும். ஆளைத் தார்ப்பாயின் ஓரத்துக்கு நகர்த்தி, திறந்த வானத்தின் ஒளி முகத்தில் விழ நிறுத்துங்கள். நகர்த்த முடியாத இடத்தில் அதே நிழலில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒயிட் பேலன்ஸைக் கையால் பதியுங்கள்.

என் கணினியில் அருமை, ஏற்றிய பிறகு கடல் சேறாகிவிட்டது

வீடியோவைச் சுருக்கும் முறைகள் பெரும்பாலும் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதிவைக்கும். நிற்கும் சுவர் முன்னால் ஒருவர் பேசினால் மாறுவது உதடும் கையும்தான். கடலில் மாறாத புள்ளியே இல்லை. ஒவ்வொரு நொடியும் எல்லாமே புதிது. கொடுத்த பிட்ரேட் (ஒரு விநாடிக்கு ஒதுக்கிய தரவின் அளவு) தீர்ந்துபோய்க் கட்டம் கட்டமாக உடைகிறது. மழையும், பூமாரியும், தேர் இழுக்கும்போது பறக்கும் பொரியும் இதே வகை.

ஏற்றுமதியில் பிட்ரேட்டைத் தாராளமாகக் கொடுங்கள். முழு எச்டியில் எடுத்ததை 4கே அளவுக்குப் பெரிதாக்கி ஏற்றினால் காணொளித் தளங்கள் அதற்கு அதிக பிட்ரேட் ஒதுக்குவது வழக்கம். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். சுருக்காமல் போய்ச் சேரும். இன்னொரு வழி படப்பிடிப்பிலேயே உண்டு: திரை முழுக்க அலையை நிரப்பாமல் மூன்றில் ஒரு பங்கு கடல், மீதி வானமோ மணலோ என்று வையுங்கள். சுருக்கத்துக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது.

வானத்தில் படிக்கட்டு போலக் கோடுகள் தெரிந்தால் அது வேறு. 8 பிட் பதிவில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 10 பிட்டில் 1024. அந்தி வானத்தின் மெல்லிய நிறமாற்றத்துக்கு 256 போதாது. 10 பிட் இல்லாத கேமராவில் லாக் முறையைத் தொடாதீர்கள். எடுத்தாகிவிட்டதா? கடைசியில் லேசாக ஃபிலிம் மணியை, அதாவது கிரெயின் என்ற நுண்புள்ளிகளைத் தூவுங்கள். கோடு கலைந்துவிடும்.

விளக்கு இமைக்கிறது

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே விளக்கு விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சம அளவு ஒளி கிடைக்கும். தொலைபேசி தானாக விநாடிக்கு 30 ஃப்ரேம், ஷட்டர் 1/60 என்று போய்விடும், அங்கேதான் இமைப்பு. சந்தனக்கூடு இரவுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. வெளிச்சம் ஜெனரேட்டரில் ஓடும். பாரம் ஏற இறங்க அதன் அதிர்வெண் நழுவும். ஷட்டரை நுண்ணிய அளவில் நகர்த்தும் வசதி கேமராவில் இருந்தால், திரையைப் பார்த்துக்கொண்டே இமைப்பு நிற்கும்வரை நகர்த்துங்கள். மலிவான சீரியல் விளக்குகள் எதற்கும் அடங்காது. அவற்றைப் பின்னணியில் ஃபோகஸ் இல்லாமல் வைத்துத் தப்பிக்கலாம்.

பாம்பன் பாலத்தில் போகும் ரயில் சாய்ந்திருக்கிறது

சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. படித்து முடிப்பதற்குள் ரயில் நகர்ந்துவிட, பெட்டிகள் இணைகரம் ஆகின்றன. பக்கவாட்டில் நின்று எடுப்பதை விட்டு, பாலத்தின் நீளவாக்கில் ரயில் உங்களை நோக்கி வரும் கோணத்தைத் தேடுங்கள். 1914இல் திறந்த பழைய பாலத்தில் கத்தரி போல விரியும் பகுதி இருந்தது; 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர்ப் பகுதி ஒன்று செங்குத்தாக மேலே ஏறுகிறது. அந்த இரும்பு மேலேறுவதை டைம்லேப்ஸ் (நீண்ட நேரத்தைச் சில விநாடிகளில் ஓட்டிக்காட்டும் படம்) எடுக்கிறவர்கள் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் கையால் பூட்டிவிடுங்கள். ஒரு மேகம் கடந்ததற்கெல்லாம் படம் துடிக்க வேண்டியதில்லை.

படகிலிருந்து எடுத்ததைப் பார்த்தால் தலை சுற்றுகிறது

கேமராவின் ஆட்டத்தைச் சமன்செய்யும் கிம்பல் வாங்கினேன். தலைசுற்றல் குறையவில்லை. மென்பொருளில் ஆட்டம் நீக்கும் கருவியை ஓட்டினேன். இன்னும் மோசமாகி, ஓடாவி (படகு கட்டும் தச்சர்) ஒருவரின் உடம்பு ஜெல்லி போல நெளிந்தது. அந்தக் கருவி அசையாத புள்ளிகளைத் தேடி அவற்றை வைத்து நிமிர்த்தும். சுற்றிலும் அலை என்றால் அது எதைப் பிடித்துக்கொள்ளும்? அடிவானத்தில் ஒரு தீவையோ கலங்கரை விளக்கத்தையோ கையால் புள்ளி வைத்துப் பின்தொடரச் சொன்னால் ஓரளவு கேட்கும்.

சரியான தீர்வைச் சொன்னவர் ஒரு நாட்டுப்படகுக்காரர். என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, படகு ஆடுவது உனக்குத் தெரியும். பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அணியத்தையும் சேர்த்துக் காட்டு" என்றார். ஃப்ரேமின் கீழ்ப்பகுதியில் படகின் முன்மூக்கு தெரிய எடுத்தேன். படகு நிலையாக நிற்க, கடல் ஆடியது. கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள ஓர் இடம் கிடைத்ததும் தலைசுற்றல் போய்விட்டது. கிம்பலை அதன் பிறகு படகில் எடுத்துப்போவதில்லை.

பேச்சு கேட்கவில்லை, காற்றுதான் கேட்கிறது

கச்சான் காற்று வீசும் மாதங்களில் அரிச்சல்முனையில் நின்று பேட்டி எடுப்பது ஒரு வீரச்செயல். மைக்கோடு வரும் பஞ்சு உறை மின்விசிறிக் காற்றுக்குத்தான் ஆகும். ரோமம் வைத்த உறை வேண்டும். மைக்கில் தாழ்சுரத்தை வெட்டும் பொத்தான் இருந்தால் போடுங்கள். சட்டை மைக்கைச் சட்டைக்கு உள்ளே, நெஞ்செலும்பின் மேல் ஒட்டுங்கள். பேசுகிறவர் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கட்டும். அவர் உடம்பே தடுப்பு.

அலையின் இரைச்சல் இன்னும் தந்திரமானது. அது தாழ்சுரத்திலிருந்து உச்சம் வரைக்கும் எல்லா அலைவரிசையிலும் பரவியிருப்பதால், இரைச்சல் நீக்கும் கருவி அலையோடு சேர்த்துக் குரலின் மெய்யெழுத்துகளையும் தின்றுவிடும். "சங்கு" என்றது "அங்கு" என்று கேட்கும். மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோவதைத் தவிர வேறு வழி இல்லை. பேட்டி முடிந்ததும் அதே இடத்தில் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அலையை மட்டும் தனியாகப் பதியுங்கள். வெட்டிய இடங்களை மூட அந்த ஒரு நிமிடம் இல்லாவிட்டால், ஒவ்வொரு வெட்டிலும் கடல் திடுக்கிட்டு நிற்கும்.

உதடும் குரலும் பொருந்தவில்லை

தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் ஒரே அளவு விலகியிருந்தால் ஒலித்தடத்தை நகர்த்தினால் முடிந்தது. தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால், தொலைபேசியில் எடுத்த கோப்பா என்று பாருங்கள். தொலைபேசிகள் ஃப்ரேம் வேகத்தை நிலையாக வைப்பதில்லை. சூடேறினால் குறைத்துக்கொள்ளும், மணலில் கால் வைக்க முடியாத மே மாதத்தில் கேட்கவே வேண்டாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்' என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிய பிறகு எடிட்டிங் டைம்லைனுக்குக் கொண்டுவாருங்கள். தனி ரெக்கார்டரில் பதிந்த குரல் ஒரு மணி நேரத்தில் சில ஃப்ரேம் விலகுவது இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் ஒத்துப்போகாததால். பேச்சின் இடைவெளிகளில் வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

தமிழ்த் தலைப்பு உடைந்து வருகிறது

ஒரு வரவேற்பில், பெரிய எல்இடி சுவரில், மணமகளின் தந்தை பெயரில் இருந்த ஒற்றைக்கொம்பு தன் எழுத்தை விட்டுவிட்டு அடுத்த எழுத்தின் தலையில் ஏறி நின்றது. ஆயிரம் பேர் பார்த்தார்கள். அவர் இன்றும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

யூனிகோடில் 'கொ' என்று எழுதினால் முதலில் க, பிறகு உயிர்க்குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்ட வேண்டியது மென்பொருளின் எழுத்து இயந்திரம். ஆங்கிலத்துக்கான இயந்திரம் அதைச் செய்யாது. எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் பிரிஃபரன்ஸ் பகுதியின் கிராஃபிக்ஸ் பக்கத்திலும், ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் டைப் பக்கத்திலும் 'சவுத் ஏஷியன் அண்டு மிடில் ஈஸ்டர்ன்' என்ற தேர்வு பல பதிப்புகளில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுத் தலைப்பைப் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். உங்கள் பதிப்பில் அந்தத் தேர்வே இல்லையென்றால் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் தலைப்பை உருவாக்கி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகக் கொண்டுவாருங்கள்.

எழுத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குப்பை கொட்டினால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான் போன்ற எழுத்துருக்களில் ஒன்றைப் போடுங்கள்.

வடிவமைப்பில் மூன்று பழக்கங்கள் ஆங்கில வார்ப்புருக்களிலிருந்து நமக்குத் தொற்றிக்கொண்டவை. எழுத்துகளுக்கிடையே இடைவெளியை இழுப்பது முதலாவது. தமிழில் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். வரிகளை நெருக்குவது இரண்டாவது. நமக்கு மேலே 'கீ'யின் சுழியும் கீழே 'பூ'வின் வாலும் உண்டு, இரண்டும் மோதிக்கொள்ளும். மூன்றாவது, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சு ஆவது போன்ற அசைவு. 'மெய்' என்ற சொல்லில் முதலில் ம வரும், அடுத்து கொம்பு முன்னால் குதிக்கும், அப்புறம் ய, அதன் பிறகு புள்ளி. பார்க்கிறவருக்குப் பேய் ஓட்டுவதுபோல் இருக்கும். சொல் சொல்லாகத் தோன்றச் செய்யுங்கள்.

அலை மேல் வைத்த வெள்ளை எழுத்து படிக்க முடியவில்லை என்றால் நிழல் போடாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். வானம் சும்மாத்தான் கிடக்கிறது.

டிரோன் திசை தெரியாமல் தடுமாறுகிறது

இரும்புப் பாலத்துக்கு அருகிலோ படகின் இயந்திரத்தின் மேலோ நின்று கிளப்பினால் அதன் திசைகாட்டி குழம்பும். படகிலிருந்து கிளப்பினால் இன்னொரு ஆபத்து: 'வீடு திரும்பு' என்றால் அது கிளம்பிய இடத்துக்கே போகும். படகு நகர்ந்துவிட்டிருக்கும், அங்கே இருப்பது கடல். அதைவிட முக்கியம், இது எல்லைக் கடல். உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானதளம் இருக்கிறது. டிரோன்களுக்கான அரசுத் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை மண்டலம் பார்க்காமல், அனுமதி வாங்காமல் கிளப்பாதீர்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கு வனத்துறை அனுமதி தனி.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது

பிழைகளிலேயே பெரியது இதுதான். ஃபோகஸ் சரி, நிறம் சரி, சத்தம் சரி. இடிந்த தேவாலயம், வளைந்த சாலை, மேலிருந்து இரு கடல், சூரியன். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியை எல்லோரும் அதே நான்கு கோணத்தில் எடுத்துவிட்டோம்.

எனக்குப் பலித்த சில வழிகளைச் சொல்கிறேன். முதலாவது, கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போவது. ராமநாதசுவாமி கோயிலுக்குள் எப்படியும் படம் எடுக்க முடியாது. 1212 தூண்கள் கொண்ட மூன்றாம் பிரகாரத்தின் ஒரு முனையில் நின்று பாருங்கள். எல்லாக் கோடும் ஒரு புள்ளியில் போய் விழுகிறது. ஒரே தூண் திரும்பத் திரும்ப வந்து, நடுவில் நடக்கும் மனிதர் மட்டும் மாறுகிறார். வெளியே வந்து நினைவிலிருந்து நோட்டில் வரையுங்கள். அடுத்த வாரம் மீன் பெட்டிகள் அடுக்கிய கூடத்தில் அதே கோணத்தைக் கண்டுபிடித்தேன்.

ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்கள் இன்னொரு பள்ளிக்கூடம். 18ஆம் நூற்றாண்டுச் சேதுபதிகளின் காலத்தவை. கதையைக் கட்டங்களாகவும் பட்டைகளாகவும் பிரித்துச் சொல்கிறார்கள்: போர், தர்பார், ராமாயணம். ஒரு கட்டத்தில் யார் பெரியதாக இருக்கிறார், பார்வை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கவனித்தால் ஸ்டோரிபோர்டு (காட்சிகளை முன்கூட்டியே வரைந்து திட்டமிடுவது) கற்றுக்கொண்ட மாதிரி. விளம்பரத்துக்கு வண்ணத் தொகுப்பு வேண்டுமென்றால் இணையத்தில் தேடுவதை நிறுத்திவிட்டேன். அந்தச் சுவரின் சிவப்பையும் காவியையும் பார்த்துவிட்டு வருகிறேன்.

இரண்டாவது, இடத்தை எடுக்காமல் ஒரு பொருளைப் பின்தொடர்வது. ஐஸ் கட்டி ஒன்று ஆலையில் பிறந்து, அரவையில் நொறுங்கி, படகில் ஏறி, மீனோடு இறங்கி, லாரியில் சொட்டுச் சொட்டாகக் கரைந்து சாலையில் காய்கிறது. ஒரு சொல் பேச்சு வேண்டாம். மூன்றாவது, ஒலியை முதலில் வெட்டுவது. ஏலக்காரர் குரலைத் தனியாகப் பதிந்து டைம்லைனில் போட்டு, அதன் தாளத்துக்குக் காட்சிகளை அடுக்கினால், படம் தானாக ஓட ஆரம்பிக்கிறது.

காலமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையேறியிருக்கும், கடலில் காட்சி இல்லை என்று வெளியூர்க் குழுக்கள் வருவதில்லை. ஆனால் அப்போதுதான் பலகைக்குப் புது வண்ணம் ஏறுகிறது, வலை பிரித்துப் பொத்தப்படுகிறது. எல்லாம் கரையில், நிழலில், நின்று நிதானமாக எடுக்கும் தூரத்தில்.

கடல்பாசி எடுக்கும் பெண்களைப் படம் எடுக்கப் போனபோது அவர்களில் மூத்தவர், "முகத்தை எடுக்காதே தம்பி, வேண்டுமானால் கையை எடுத்துக்கொள்" என்றார். பாறை கிழிக்காமலிருக்க விரல் விரலாகக் கிழிந்த துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஒருவர் கட்டிவிட, அடுத்தவர் பல்லால் முடிச்சை இறுக்கினார். நீச்சல் கண்ணாடி மாட்டும் கை, பை கட்டும் கை, தண்ணீருக்குள் மறையும் கை, பாசியோடு வெளியே வரும் கை. ஆறு நிமிடப் படம். அதில் ஒரு முகம்கூட இல்லை.